கீழக்கரையில் வீடு பார்த்த நாள்

காலை ஆறரை மணிக்கு இராமேஸ்வரம் பேருந்து நிலையத்தில் ஏறினேன். இராமநாதபுரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். சன்னலோர இருக்கை கிடைத்தது. ஆனால் சன்னல் கண்ணாடி முழுவதும் மூடவில்லை. நான்கு விரல் இடைவெளி. பாம்பன் பாலத்தில் அந்த நான்கு விரலுக்குள் நுழைந்த காற்று என் மூக்குக் கண்ணாடியையே கழற்றப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதால் புதிய ரயில் பாலத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் பேருந்தின் இடப்பக்கமோ வலப்பக்கமோ அல்ல, நடுவில் உட்காருவதே பாதுகாப்பு.

நடத்துநர் வந்தார். என் மடியில் பெரிய பை, அதன்மேல் சின்னப் பை, அதன்மேல் குடை.

"அய்யா, கோட்டையே கட்டிட்டீகளே. காச எந்த வாசல் வழியா தருவீக?"

"பையைக் கீழே வைத்தால் மறந்துவிடுவேன்."

"மறந்தா நாங்க எடுத்து வைப்போம்ல. இங்கன எவனும் மாத்திரையத் திருட மாட்டான்."

பையில் பாதி மாத்திரைதான் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

நான் தரிசனத்துக்கு வந்தவன் அல்லன். வாடகை வீடு தேடி வந்தவன். ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவி சரோஜாவும் கனடாவில் மகன் வீட்டில் ஏழு மாதம் இருந்தோம். வீட்டில் பதினோரு சன்னல்கள். நாங்கள் இருந்தவரை ஒன்றைக்கூடத் திறக்கவில்லை, அவ்வளவு குளிர். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சரோஜா குறை எதுவும் சொல்லவில்லை. திருச்சிக்குத் திரும்பினோம். இப்போது மகன் நிரந்தரமாகவே வந்துவிடச் சொல்கிறான். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். அதற்குள் கடலோரத்தில், அதிகக் குளிரும் அதிக இரைச்சலும் இல்லாத ஒரு வீடு அமைந்துவிட்டால் "வரவில்லை" என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம்.

முதல் இரண்டு நாட்கள் இராமேஸ்வரத்தில் நான்கு வீடுகள் பார்த்தேன். கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தவை யாத்ரீகர்களுக்கே நாள் வாடகைக்குப் போகின்றன. மாத வாடகைக்குத் தர யாருக்கும் மனமில்லை. தங்கச்சிமடத்தில் ஒரு வீடு நன்றாக இருந்தது, எதிரிலேயே ஐஸ் கம்பெனி. இரவு முழுவதும் இயந்திரம் ஓடும்.

எட்டரைக்கு இராமநாதபுரம். இரண்டு இட்லி, ஒரு காபி. அங்கிருந்து கீழக்கரைக்குத் தெற்கே பதினேழு கிலோமீட்டர். கருவேலங்காடும் உவர் நிலமுமாகச் சாலை போகிறது. திருப்புல்லாணியில் பாதிப் பேருந்து காலியானது.

பத்து மணிக்குக் கீழக்கரையில் இறங்கினேன். ஹமீது என்பவர் காத்திருந்தார். திருச்சியில் என் பல் வைத்தியருக்குத் தெரிந்தவர். வளைகுடாவில் கப்பல் சரக்கு வேலை பார்த்து ஊர் திரும்பியவர். என்னைவிட ஓரிரண்டு வயது குறைவாக இருக்கலாம், பற்கள் என்னைவிட அதிகம்.

"வாங்க சார். பசியாறிட்டீங்களா?"

காலை உணவை இங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். இரண்டு இட்லி என்றேன். "அது பசியாறுனது இல்ல, பசியக் கிளப்பிவிட்டது" என்று சொல்லிப் பெரிய பையை வாங்கிக்கொண்டார். குடையை நானே வைத்துக்கொண்டேன்.

தெருக்கள் குறுகல், உயரமான சுவர்களின் நிழல் விழுவதால் பத்து மணி வெயில் தலையில் படவில்லை. பல வீடுகள் பூட்டியிருந்தன. ஆட்கள் துபாயிலும் சார்ஜாவிலும் கோலாலம்பூரிலும். அவர் காட்டிய வீடும் பூட்டிய வீடுதான், அவர் குடியிருக்கும் வீட்டை ஒட்டினாற்போல். அங்கே இருந்த அவர் மகள் குடும்பம் இப்போது சார்ஜாவில் இருக்கிறது.

உள்ளே போய் எண்ணினேன். சன்னல் ஒன்பது, எல்லாம் திறந்தன. மின்விசிறி நான்கு, ஒன்று முனகியது. கொக்கி, தாழ்ப்பாள் எல்லாவற்றிலும் உப்புக்காற்றின் துரு. கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன்: கரித்தது. குடிக்க, சமைக்க வண்டித் தண்ணீர் வாங்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி இராமநாதபுரத்தில். மொட்டைமாடியில் ஏறினால் கூரைகளுக்கு அப்பால் கடல், அலை என்று சொல்ல முடியாத அளவு அமைதியாக. அங்கே நின்றபோது முழங்கால் வலிக்கவில்லை என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் தோன்றியது.

அவர்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வாடகை பேசினோம். எட்டாயிரம் என்றார். துருவையும் கிணற்றையும் முனகும் விசிறியையும் எடுத்துச் சொன்னேன். ஏழாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கினார். நான் கை நீட்டினேன், அவரும் நீட்டினார். கைகள் சேரவில்லை.

"யாரு வீட்டுக்கு யாரு வாடகை பேசுறது?"

திரைச்சீலைக்கு அப்பாலிருந்து குரல். ஹமீது கையை மடக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"சும்மா பேசிப் பாத்தோம்" என்றார் திரையைப் பார்த்து.

அவர் மனைவி ஆயிஷா வெளியே வந்தார். தலையில் முக்காடு, கையில் இரண்டு தட்டு தொதல். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அல்வா போலக் கிண்டிய பண்டம்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. இந்த வீடு எங்க உம்மா எனக்குத் தந்தது. பக்கத்துல நீங்க பாத்தது நான் என் மகளுக்குத் தந்தது. எங்க ஊர்ல வீடு பொம்பளப் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைமாரு வந்து இருப்பாக. இவுக நாப்பது வருசமா மாப்பிள்ளைதான்."

"நானே இங்க விருந்தாளி சார்" என்றார் ஹமீது. "வாடகை கேக்காம வச்சிருக்காக."

"கேட்டா தருவீகளாக்கும்!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மக சம்மதிச்சுட்டா. உங்க வீட்டுல என்ன சொன்னாக?"

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

"கேட்டீங்களா?"

தொதல் பல்லில் ஒட்டிக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன் என்றேன்.

"நல்ல கதையா இருக்கே. நீங்க ரெண்டு நேரம் மாடிக்குப் போய்க் கடலப் பாப்பீக. அந்த உப்புத் தண்ணியில துவைக்கிறது யாரு? பேச்சுத்துணைக்கு நான் சரிப்பட்டு வருவேனான்னு அவுக பாக்க வேணாமா? அவுக பாக்காம சாவி தர மாட்டேன். நம்பரப் போடுங்க."

போட்டுக் கொடுத்தேன். போனோடு திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

பதினைந்து நிமிடம் என்று நினைத்தது முக்கால் மணி நேரம் ஆனது. நாங்கள் இருவரும் தொதலைத் தின்று முடித்தோம். உள்ளே ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு ஆயிஷாவின் குரல், தணிந்து:

"ஏழு மாசமுமா? அங்கன பேச ஒரு ஆளு கூடவா இல்ல? ... அவருகிட்டச் சொல்ல வேண்டியதுதானே... ம்... ம்..."

ஹமீது தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். நான் காலித் தட்டைப் பார்த்தேன். கனடாவில் சரோஜா மதியங்களில் கூடத்துச் சன்னலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். வெளியே வேடிக்கை பார்க்கிறாள் என்றே நினைத்திருந்தேன். அந்தத் தெருவில் யாரும் நடந்து நான் பார்த்ததில்லை.

போன் திரும்பி வந்தது.

"வெள்ளிக்கிழமைக்கு எனக்கு ராமநாதபுரம் டிக்கெட் போடுங்க" என்றாள் சரோஜா.

"நாம ரெண்டு பேரும் வந்து..."

"நீங்கதான் பாத்தாச்சே. நீங்க இங்க இருந்து செடிக்குத் தண்ணி ஊத்துங்க. அவங்க வீட்டுல தங்கிப் பாத்துட்டு வரேன்."

"தனியாவா? மூட்டு வலி, மாத்திரை, இறங்குற இடம்..."

"வாயிருக்குல்ல, கேட்டுக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

"ஸ்டேஷனுக்கு இவுக வந்து கூட்டியாருவாக" என்றார் ஆயிஷா. ஹமீது தலையாட்டினார். அந்த வீட்டில் அவர் செய்ய வேண்டியவை அப்படித்தான் முடிவாகும்போலும்.

மதியம் நெய்ச்சோறும் மீன் ஆணமும். ஆணம் என்றால் குழம்பு. முள்ளுக்குப் பயந்தே சாப்பிட்டேன்; ஒன்றுகூடத் தொண்டையில் சிக்கவில்லை. வாடகையைப் பற்றி மறுபடி பேச்செடுத்தேன். "அத அவுக வந்ததும் அவுககிட்டயே பேசிக்கிறேன்" என்றார் ஆயிஷா.

மாலை ஐந்தரைக்கு இராமநாதபுரம் ரயில் நிலையம். முன்பதிவு சன்னல் திறந்திருந்தது. திருச்சியிலிருந்து பகல் வண்டி, ஒரு பெண் பயணி. வயது அறுபத்தாறா அறுபத்தேழா என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருந்தது.

இருக்கை கிடைத்தது. சன்னலோரம் கேட்டேன், அதுவும் கிடைத்தது.

"ரிட்டர்ன் எப்ப சார்?" என்றார் உள்ளே இருந்தவர்.

சரோஜாவுக்குப் போன் செய்தேன். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள்.

"அது இப்ப வேண்டாம்" என்றாள். "வீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்."

நான் குடையை இடுக்கிக்கொண்டு ஒரே ஒரு டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.