சுவரில் மாட்டிய சக்கரம்

முடிச்சூரில் பழைய ரைஸ் மில்லை வாங்கி வீடாக்கியிருந்தவர் அவர். அவர் மகளுக்கு நான் டியூஷன் எடுத்தேன். மில்லின் பெல்ட் சக்கரத்தை ஹால் சுவரில் மாட்டி, பேசும்போதெல்லாம் அதைத் தடவிக்கொண்டிருப்பார். அந்தச் சக்கரத்தில்தான் என் அம்மாவுக்கு இரண்டு விரல் போனது என்று ஒருநாள் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“அப்படியா தம்பி! ஞாயித்துக்கிழமை ஃபிரெண்ட்ஸ் வர்றாங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்களேன்.”

பெருமையோடு அழைத்துப் போனேன். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். எல்லாரும் போனை நீட்ட, அவர் என் அம்மாவைச் சக்கரத்தருகே நிறுத்தினார். அம்மா இடது கையை அதில் வைத்தார்.

“அது இல்லம்மா, விரல் போன கை!” என்றார் அவர்.

முந்தானைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது.

பிறகு அவரே அம்மாவின் இலையில் இன்னொரு வடை வைத்து, “கூச்சப்படாம சாப்பிடுங்கம்மா” என்றார். அந்தக் குரலில் நிஜமாகவே அன்பு இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.