ஸ்டாப் ஒரு முறைதான்

கும்மிடிப்பூண்டியில் நான் பார்த்த வேலைகளில் உட்கார்ந்தபடி செய்தது ஒன்றுதான். ஒரு கம்பெனியின் கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட அறை. அதில் ஒரு டிவி, பழைய டிவிடி பிளேயர், சில பிளாஸ்டிக் நாற்காலிகள். கான்ட்ராக்டில் புதிதாக வருகிறவர்களுக்குப் பாதுகாப்புப் படம் போட்டுக் காட்ட வேண்டும். பிறகு சேஃப்டி ஆபீசர் வந்து கேள்வி கேட்பார். பதில் சொன்னால் கேட் பாஸ். இல்லாவிட்டால் வந்த வழியே போக வேண்டியதுதான். பள்ளியைப் பாதியில் விட்டு, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப், இரும்பு உருக்கும் பவுண்டரி என்று அலைந்த எனக்கு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பதே பயமாக இருந்தது. எப்போது எழுப்பி அனுப்புவார்களோ என்று காது கேட் பக்கமே இருக்கும்.

எனக்கு முன்னால் அங்கிருந்தவர் பிளேயர் மேல் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்: 'ஸ்டாப் ஒரு முறைதான்.' காரணமும் சொல்லியிருந்தார். டிஸ்க் ஓடத் தொடங்கியதும் மெனு வரும். மேலே இந்தி, அடுத்து தெலுங்கு, கடைசியில் தமிழ். ரிமோட்டில் அம்புக்குறி பட்டன்கள் செத்துவிட்டன. பிளேயரின் முகப்பில் அவை கிடையவே கிடையாது. பிளேயை அமுக்கினால் முதலில் இருக்கும் இந்திதான் ஓடும். ஒரு நாள் பொன்னேரி மெக்கானிக் ஒருவரிடம் ரிமோட் இரவல் வாங்கி, எப்படியோ தமிழைப் பிடித்திருக்கிறார். அதன் பிறகு டிஸ்க்கை வெளியே எடுப்பதில்லை, சுவிட்சை அணைப்பதில்லை. படம் முடிவதற்குள் பின்னால் ஓட்டி ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து, ஸ்டாப்பை ஒரு முறை அமுக்குவார். அந்த இடத்தை பிளேயர் நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்து பிளே அமுக்கினால் மெனுவுக்குப் போகாமல் தமிழிலேயே தொடங்கும். ஸ்டாப்பை இரண்டு முறை அமுக்கினால் எல்லாம் மறந்துவிடும்.

அன்று மூன்று பெண்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். நடவுக்கு மிஷின் வந்த பிறகு ஊரில் வேலை இல்லை. கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்கு அவரால் நடந்து வர முடியும். அதனால் இந்த வேலையைத்தான் நம்பியிருந்தார். எனக்கு முன்னால் இருந்தவர் ரிமோட் இரவல் வாங்குவதற்கு முன்பே ஒரு தடவை வந்து, இந்திப் படம் பார்த்து, பதில் தெரியாமல் திரும்பிப் போனவர்.

"தம்பி, போன தபா மாதிரி இந்தில போட்டு கவுத்துடாதப்பா. இன்னிக்கும் தெர்லன்னா இந்தப் பக்கமே வராதன்ட்டாரு கான்ட்ராக்டரு" என்றார் உட்காரும்போதே.

"தமிழ்லதான்க்கா ஓடும்" என்று சொல்லி பிளேயை அமுக்கினேன். ஓடியது.

அப்போது ஆபீசர் வாசலில் தலையை நீட்டி அதட்டினார். "முதல்ல ஹெல்மெட் குடுய்யா, அப்புறம் படம் போடு. நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கணும்."

திடுக்கிட்டு ஸ்டாப்பை அமுக்கினேன். உடனே இன்னொரு தடவையும் அமுக்கிவிட்டேன். பிரஸ் ஷாப் பழக்கம். விரல் போனவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் மிஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை ஒரு தடவையோடு நம்ப மாட்டான்.

ஹெல்மெட்டுகளைக் கொடுத்துவிட்டு பிளே அமுக்கினேன். மெனு வந்தது. எந்த மொழி ஓடும் என்று காட்டும் மஞ்சள் பட்டை இந்தியின் மேல் நின்றது.

ரிமோட்டைத் தட்டினேன். பேட்டரியைக் கழற்றிச் சட்டையில் தேய்த்துப் போட்டேன். பட்டை அசையவில்லை. வேறு வழியில்லாமல் பிளேயை அமுக்கினேன். திரையில் ஒருவர் இந்தியில் வணக்கம் சொன்னார்.

"அய்ய, மறுபடியும் அதே ஆளு!" என்றார் அந்த அக்கா.

"யக்கா, நீ வந்தாலே இந்திதான். உன் ராசி அப்டி" என்றாள் பக்கத்திலிருந்த இளம்பெண்.

"நீ வேற ஏன்டி பேஜார் பண்ற?" என்றவரின் குரல் இறங்கியிருந்தது.

முன்னால் தள்ளும் பட்டனைப் பிடித்து அழுத்தினேன். திரையில் ஆட்கள் ஓடி ஓடி ஹெல்மெட் மாட்டினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். இளம்பெண் சிரித்தாள். இந்திப் படம் முடிந்து மெனு திரும்பி வந்தபோது, மஞ்சள் பட்டை ஒரு படி இறங்கித் தெலுங்கின் மேல் நின்றது. அப்படியென்றால் இதையும் கடைசிவரை ஓட்டினால் தமிழ் வரும். பிளே அமுக்கி மறுபடி ஓட்டத் தொடங்கினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆபீசர் கையிலிருந்த கிளாஸில் டீ பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. தமிழ் வந்தாலும் அதை முழுதாகக் காட்ட நேரம் போதாது.

"பட்டன்லேர்ந்து கைய எடு தம்பி" என்றார் அந்த அக்கா.

"தெலுங்குக்கா இது."

"தெர்து. எங்கம்மா ஊடு ஆந்திரால தடாண்ட. தெலுங்குலதான் திட்டு வாங்கி வளந்தேன். மொதல்லேர்ந்து ஓட்டு."

பின்னால் ஓட்டி விட்டேன். திரையில் பேசப் பேச, மற்ற இரண்டு பேருக்கும் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். "துப்பட்டாவ தொங்க உட்டுகினு மிஷினாண்ட நிக்காதன்றான். உன்னிய பாத்துதான்டி சொல்றான். ஒழுங்கா கேளு." இளம்பெண் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

படம் முடிவதற்குள் ஆபீசர் வந்துவிட்டார். "என்னய்யா, தெலுங்கு ஓடுது?" என்றார். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராக அந்த அக்காவைக் கேட்டார்.

"பக்கத்துல வேலை செய்றவங்க கை மெஷின்ல மாட்டிக்கிச்சு. என்ன பண்ணுவ?"

"கைய புடிச்சி இழுக்க மாட்டேன் சார். செவப்பு பட்டன அமுக்குவேன். மிஷினு நின்னாதான் கிட்ட போவேன்."

"நிக்கலைன்னா?"

"இன்னொரு தபா அமுக்குவேன்."

"அது படத்துல இல்லையே?"

"இந்தத் தம்பி அப்டித்தான் சார் அமுக்குச்சி."

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் மற்ற இருவரையும் ஏதோ கேட்டார், அவர்களும் சொன்னார்கள். மூன்று பாஸிலும் கையெழுத்துப் போட்டார். அந்த அக்கா தன்னுடையதை வாங்கி, எழுத்தைப் பார்க்காமல் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

அறையில் யாருமில்லை. தெலுங்குப் படம் தானாக முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மெனு வந்தது. பட்டை தமிழுக்கு இறங்கியிருந்தது. பிளே அமுக்கினேன். தமிழில் வணக்கம் சொன்னார்கள். ஒரே ஒரு விரலை நீட்டி ஸ்டாப்பை ஒரு முறை அமுக்கிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.