பாவாவுக்கு இடது கால் இழுக்கும்

எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனைப் பாவா என்போம். தெலுங்கிலிருந்து வந்த சொல். ஆந்திரா பக்கத்துத் தெரு மாதிரி இருக்கும் திருத்தணியில், எந்தச் சொல் யாருடையது என்று பிரித்துப் பார்க்கிறவனுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். எனக்கு அப்போது வேறு வேலை இல்லை. சரித்திரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, அக்கா வீட்டில் சாப்பிட்டு, வாசகசாலையில் இருந்த துப்பறியும் நாவல்களைத் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் காடுகளிலிருந்து துப்பாக்கி ஆட்கள் இங்கே வந்து ஒளிகிறார்கள் என்று பேச்சு. அவர்களைப் பிடிக்க வெளியூரிலிருந்து ஒரு தனிப் போலீஸ் பிரிவு வந்து, ஊர் ஓரத்தில் வீடு வாடகைக்கு எடுத்தது. அதன் இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிக்காரர். லத்தியால் ஆவது கொஞ்சம், தகவலால் ஆவதுதான் அதிகம் என்பது அவர் கொள்கை. டீக்கடையிலும் நெசவுத் தெருவிலும் பஸ் ஸ்டாண்டிலும் தம் ஊர்ப் பக்கத்து ஆட்களை மஃப்டியில் உட்காரவைத்தார். அவர்கள் பக்தர் வேடம் போட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் மலை ஏறாத பக்தர்கள்.

அவர்கள் காதில் விழுந்ததெல்லாம் இதுதான்: "பாவா வராம ஆரம்பிக்கக் கூடாது." "பாவாவைக் கேட்டுக்கினு சொல்றேன்." "சரக்கை பாவா கைல குடுத்துட்டேன்." காது குத்துக்கும் பந்திக்கும் நூல் கட்டுக்கும் நாங்கள் பேசுகிற பேச்சு. இன்ஸ்பெக்டர் ஊரில் அதே உறவை அத்தான் என்பார்கள். நாங்களும் அத்தான் என்றிருந்தால் காதல் விவகாரம் என்று விட்டிருப்பார். பாவா என்றதால் தலைவன் என்று எடுத்துக்கொண்டார். பள்ளிப்பட்டு, கே.ஜி.கண்டிகை, கனகம்மாசத்திரம் என்று பாவாவின் பேர் கேட்ட இடமெல்லாம் வரைபடத்தில் சிவப்புக் குண்டூசி குத்தினார். ஒரே நாளில் மூன்று ஊரில் இருக்கிற ஆள் என்பதால் மரியாதை கூடியது.

நெசவுத் தெருவில் என் பாவா ஐந்தாறு வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. பள்ளிப்பட்டுக்கு நூல் எடுத்துப் போகிறவர். ஒரு நாள் காலையில் தறியிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள்.

இரண்டு நாள் அக்கா அடுப்பு மூட்டவில்லை. "இவ்ளோ படிச்சிகிற, போயி ஒரு வார்த்தை சொல்லேம்பா" என்றாள். படித்தது துப்பறியும் நாவல் என்று அவளிடம் சொல்லவில்லை. போனேன்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாக உட்காரச் சொன்னார். பாவா என்பது பேர் இல்லை, உறவு முறை என்று விளக்கினேன். தாய்வழி, தந்தைவழி என்று சரித்திர மாணவனுக்கே உரிய முறையில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ ஊர் பூராவும் அவனுக்கு உறவுங்கீங்க."

நான் விளக்க விளக்க என் பாவா பெரிய ஆளாகிக்கொண்டே போனார்.

நல்ல வேளையாக அந்த நேரத்தில் வாசலில் ஒரு மீசைக்காரர் டிபன் கேரியரோடு வந்து நின்றார். அந்தப் பிரிவில் இருந்த ஒரே உள்ளூர்க்காரரான ஏட்டையாவைப் பார்த்து, "பாவா, ஆறிப்போவுதாம். அக்கா இப்பவே துன்னச் சொல்லுச்சு" என்றார்.

ஏட்டையா கேரியரை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். பிறகு வரைபடத்தில் இருந்த குண்டூசிகளை வெகுநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் யாருய்யா?"

"மாப்பிள்ளைங்கதான் சார்" என்றார் ஏட்டையா.

இன்ஸ்பெக்டர் முட்டாள் இல்லை. உடனே புரிந்தது. புரிந்ததால்தான் முகம் அப்படி ஆனது. "உங்க அத்தானைக் கூட்டிட்டுப் போங்க, தம்பி" என்றார். "ஆனா மேல எழுதி அனுப்பியாச்சு. அந்த ஆளு இல்லவே இல்லைன்னு இனி நான் எழுத முடியாது. அடையாளம் வேற கிடைச்சிருக்கு. தேடத்தான் செய்வோம்."

என்ன அடையாளம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கொள்கை இன்ஸ்பெக்டருடையது. பின்கட்டில் அடித்த கை வேறு ஒருவருடையது. பாவா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் குளத்துப் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, அவராகவே பேசினார்.

"இடது கால் இழுத்து நடப்பான்னு சொல்லிட்டேன்."

"யாரு?"

"அவன்தாம்பா. பாவா."

"நீங்கதானே பாவா."

"நான் இல்லன்னு எவ்ளோ சொன்னேன். அப்ப யாரு, யாருன்னு கேட்டுக்கினே அடிச்சாங்க. ஒரு ஆளைச் சொன்னாத்தான் நிறுத்துவாங்கன்னு தெரிஞ்சிபோச்சி." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "நம்ம தெருவுல ஒவ்வொருத்தனா நெனச்சிப் பாத்தேன். கறுப்பா இருப்பான்னு சொன்னா ஒருத்தன் மாட்றான். குள்ளம்னா ஒருத்தன் மாட்றான். கால் இழுக்கறவன் மட்டும் நம்மள்ல எவனும் இல்ல. அதான்."

அடி வாங்கிக்கொண்டே ஒரு தெருவையே மனசில் வரிசையாக நிறுத்தி விலக்கியிருக்கிறார். நான் படித்த நாவல்களில் எந்தத் துப்பறிவாளனுக்கும் இந்த யோசனை வந்ததில்லை.

அதற்குப் பிறகு தறியில் அவருக்குக் கை ஓடவில்லை. தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். பள்ளிப்பட்டு பஸ் வந்தால் எழுந்து, இறங்குகிறவர்களின் காலைப் பார்ப்பார். அதே பெஞ்சின் மறு முனையில் மஃப்டி பக்தர் ஒருவரும் அதே கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை அவர் பாவாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "இடதுதானே, அண்ணாச்சி?" என்று உறுதி செய்துகொண்டாராம். பாவா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தார்.

"எவனாவது வெளியூர்க்காரன் அப்படி நடந்துகினு வந்து எறங்கினா இன்னா பண்றது?" என்பார் என்னிடம். "அவன் கொயந்தைங்க இன்னா பண்ணும்?"

அப்படி ஒருவன் இல்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். "ஆங்" என்பார். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடி தூக்கிக்கொண்டு ஆந்திராப் பக்கத்திலிருந்து ஜனம் நடந்தே வருகிற நாள். வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்து, பாதமெல்லாம் கொப்புளம். மஞ்சள் துணி கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில், ஊருக்குள் நுழையும்போது ஒவ்வொருவரும் காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார்கள்.

பாவாவைத் தேடிப்போன நான் ரோட்டோரத்தில் நின்று அதைப் பார்த்தேன். அவர் சொல்லி உண்டான ஆள் அத்தனை பேராக வந்துகொண்டிருந்தான். மஃப்டி பக்தர் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்.

பாவா கூட்டத்துக்குள் இறங்கியிருந்தார். ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, "நேரா நட, நேரா நடப்பா, நின்னுடாதே" என்று சொல்லிக்கொண்டு போனார். அவர்கள் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு "அரோகரா" என்றார்கள். ஒரு கிழவர் காவடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாவாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அந்தக் கிழவரும் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் நேராக நடந்தார்.

வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். கூப்பிட வாயெடுத்தேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரைக் கூப்பிட எனக்கு இருந்தது ஒரே சொல். மஃப்டி பக்தர் என் பக்கம்தான் திரும்பியிருந்தார்.

கூப்பிடவில்லை. கூட்டத்துக்குள் இறங்கி அவருக்குப் பின்னாலேயே நடந்தேன்.