நான் ஐஸ் வைத்த கால்

கொரோனாவுக்கு முந்தைய வருடம், ஜூன் மாதம். ஹைதராபாத்தில் ஹப்சிகுடா பக்கம் ஒரு எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் ஹிந்தியும் உருதும் கலந்த இந்த ஊர்ப் பேச்சு. அதனால் உருது பேசும் நோயாளி யார் வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

அப்படி வந்தவர்தான் அந்த ஆப்கானியர். நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது, நல்ல உயரம், தச்சு வேலை செய்பவர். சிகிச்சைக்காகத் தன் நாட்டிலிருந்து வந்திருந்தார். அகதியாகப் பெஷாவரில் இருந்தபோது உருது கற்றுக்கொண்டாராம். முதல் நாள் பயிற்சியில் நான் பழக்கதோஷத்தில், "நக்கோ, நக்கோ, இத்னா ஜோர் நக்கோ" என்றேன், இவ்வளவு அழுத்தம் கொடுக்காதீர்கள் என்ற அர்த்தத்தில். அவர் காலை அப்படியே நிறுத்திவிட்டு, "அது எந்த மொழி?" என்று கேட்டார். வேண்டாம் என்பதை நாங்கள் இங்கே அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கினேன். அதற்குப் பிறகு டீ வேண்டுமா என்று கேட்டால்கூட "நக்கோ" என்று சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு பாதங்களிலும் அவருக்கு விரல்கள் கிடையாது. இடது பாதத்தின் பழைய தழும்பு அடிக்கடி புண்ணாகிக்கொண்டிருந்ததால் எங்கள் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். நாள் முழுக்க நின்று மரம் இழைக்க வேண்டியவர். காலில் பலம் வந்தால்தான் ஊருக்குப் போய்ப் பிழைப்பைப் பார்க்க முடியும். விரல்கள் எப்படிப் போயின என்று நான் கேட்கவில்லை. ஆப்கானியர் என்றால் கண்ணிவெடியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் கணுக்கால் வீங்கியிருந்தது. அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் வழக்கம்போல ஒரு ஐஸ் பேக்கை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் பாதத்தைச் சுற்றி வைத்துவிட்டேன்.

அலறிக்கொண்டு எழுந்தார். காலை உதறிய வேகத்தில் படுக்கையிலிருந்து கீழே விழுந்தார். கட்டு ரத்தமானது. பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பயம், அதோடு எரிச்சல். "இவ்வளவு பெரிய மனுஷர், ஒரு ஐஸுக்குப் போய் இப்படிக் குதிக்கிறீர்களே!" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்தபடியே என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

எங்கள் சர்ஜன் மதுரைக்காரர். ஓடி வந்து பார்த்துவிட்டு, விட்டுப்போன இரண்டு தையல்களைத் திரும்பப் போட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஐஸா வச்சீங்க? அந்த ஆளுக்கு விரல் போனதே பனியிலதாம்மா. கேஸ் ஷீட்ல ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேனே, பாக்கலையா?"

பார்க்கவில்லை. பனியில் ஒருமுறை செத்துப் பிழைத்த சதையில் ஐஸ் வைக்கக் கூடாது என்பது கல்லூரியிலேயே படித்ததுதான்.

அடுத்த இரண்டு நாட்கள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் என் கணவரையும் கூட்டிக்கொண்டு அவர் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனேன். வரவேற்பறைக்கு நொண்டிக்கொண்டே வந்தவர், எங்களை உட்காரவைத்து டீ சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டதும், "ஐஸைப் பார்த்துப் பயப்படவில்லை. கண் மூடியிருந்தேனா, ஒரு நொடி திரும்ப அங்கேயே போய்விட்டேன்" என்றார். எங்கே என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. நாட்டைப் பிடித்துக்கொண்ட படையை எதிர்த்து மலையில் நின்று சண்டை போட்ட கூட்டத்தில் ஒருவர். குளிர்காலத்தில் அவர்கள் காவல் காத்த இடம் எதிரிகள் கையில் விழுந்தது. இவரும், பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த ஒரு நண்பரும் மட்டும் தப்பினார்கள். மலையைத் தாண்டினால் பிழைக்கலாம். ஆனால் பனியில் கால் தடம் விழுமே! அதனால் வெயில் அடித்தால் பாறை இடுக்கில் ஒளிந்துகொள்வார்கள். தடத்தை மூடும் அளவுக்குப் பனி கொட்டினால் மட்டும் நடப்பார்கள். சாப்பாடு ஆளுக்கு ஒரு சட்டைப் பை உலர்ந்த மல்பெரிப் பழம்.

இரண்டாம் நாள் வலி தாங்காமல் பூட்ஸைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். வீங்கிப்போன கால் திரும்ப உள்ளே நுழையவில்லை. சால்வையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் நண்பர் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் எரிகிறது என்று சொல்லி அந்தப் பனியில் கோட்டைக் கழற்றிப் போட்டாராம். குளிர் மூளைக்கு ஏறினால் அப்படித்தான் ஆகும். எவ்வளவு இழுத்தும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "அந்தக் கோட்டை நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன்."

நான்காம் நாள் மலையின் மறுபக்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்தவரை ஆடு மேய்க்கும் ஒருவர் பார்த்து வீட்டுக்குத் தூக்கிப் போனார். இவர் நெருப்பைப் பார்த்ததும் காலை நீட்டப் போக, அந்த மனிதர் விடவில்லை; மரத்துப்போன கால் சூடு தெரியாமல் வெந்துவிடும். தன் சட்டையைத் தூக்கி, அந்த இரண்டு கால்களையும் தன் வெறும் வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வரை அப்படியே இருந்திருக்கிறார். நடுவில் தேடுகிறவர்கள் வந்த சத்தம் கேட்டது. இவரை வைக்கோல் போருக்குள் தள்ளிவிட்டு அவர்களுக்கு டீ கொடுத்தார். போகும்போது அவர்கள் சொன்னது வைக்கோலுக்குள் இருந்த இவருக்கும் கேட்டது: "உங்கள் மகன் எங்களோடுதான் இருக்கிறான். சௌக்கியம்."

அவர்கள் போனதும் அந்த மனிதர் இவரை வெளியே இழுத்து, திரும்பவும் கால்களை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டார். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று இவர் கேட்டாராம். அதற்கு, "பாதியில் விட்டால் கால் முழுசும் போய்விடும்" என்பதுதான் பதில்.

கொஞ்ச நாள் கழித்துக் கழுதை மேல் ஏற்றி எல்லை வரை கொண்டுவிட்டார். பெஷாவரில் கருகிப்போன விரல்களை எடுத்தார்கள். பாதம் தங்கியது.

நாங்கள் கிளம்பும்போது என் கணவர்தான் கேட்டார், அந்தக் கோட் என்ன ஆனது என்று. பல வருடம் கழித்து ஊருக்குத் திரும்பியதும் நண்பரின் மனைவியைத் தேடிப் போய்க் கொடுத்தாராம். எப்படிக் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொன்னாராம். அந்த அம்மாள் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "கதகதப்பாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டாராம்.



மறுநாளிலிருந்து அவர் திரும்ப வந்தார். ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டேன். ஆறு வாரத்தில் கம்பு இல்லாமல், அளவெடுத்துச் செய்த ஷூ போட்டுக்கொண்டு மருத்துவமனைப் படிகளில் ஏறி இறங்கினார். ஊருக்குப் போன பிறகு, வேலைக்குப் போவதாக ஒரு முறை போன் செய்தார். அதன்பின் அவருடைய எண் மாறிவிட்டது போலிருக்கிறது, பேச முடியவில்லை.

பள்ளிக்கூடமே பார்க்காத ஒரு மனிதருக்கு எதிரியின் உறைந்த காலை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று தெரிந்திருந்தது. பட்டம் வாங்கிய எனக்கு இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை என்பது மறக்கவில்லை. இப்போதெல்லாம் புதிதாக வந்து படுக்கும் நோயாளியிடம் "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.