மாவுச் சல்லடையும் மடவைக் குஞ்சுகளும்

கணுக்கால் அளவு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அசையாமல் நின்றால், மடவை மீன் குஞ்சுகள் வந்து காலை மொய்க்கும். அந்தக் கூச்சம் இன்றைக்கும் என் குதிகாலில் இருக்கிறது. மரக்காணம் உப்பளத்தில் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு உப்பு வார, கூடப்பிறந்தவர் யாருமில்லாத நான் கோடை விடுமுறை முழுக்க ஓலைக் கொட்டகையில் காத்துக் கிடப்பேன். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை; பேச ஓர் ஆள் கிடையாது. தனிமை என்ற சொல்லெல்லாம் அப்போது தெரியாது, காலை மொய்க்கும் குஞ்சுகளோடு பேசத்தான் தெரியும்.

உப்பங்கழித் தண்ணீரை வாய்க்கால் வழியாக முதல் பாத்திக்கு விடும்போது மடவைக் குஞ்சுகளும் கூடவே வந்துவிடும். வெயிலில் தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறும். வந்த வழியைப் பலகை போட்டு அடைத்திருப்பார்கள்; அதிலேயே முட்டி முட்டி, ஒவ்வொன்றாக மல்லாந்து மிதக்கும். கொக்குகளுக்குக் கொண்டாட்டம். எனக்குப் பொறுக்காது. அம்மாவின் மாவுச் சல்லடையில் அள்ளிக்கொண்டு வரப்பைத் தாண்டி ஓடி, வாய்க்காலில் விட்டு, "போய்ட்டு வா" என்பேன்.

"என்னாடி இது, மாவெல்லாம் மீன் கவுச்சி அடிக்குது!" என்று அம்மா கத்துவாள். "நீ செய்யிறது கடல்ல கரைச்ச பெருங்காயம். அதுலயும் 'போய்ட்டு வா'ன்னு வேற சொல்ற. வந்தா மறுபடியும் இங்கதான்டி சாவும். 'போ'ன்னு சொல்லு."

யாரையாவது "போ" என்று அனுப்புவார்களா? என் வாயில் அது வரவே இல்லை. சாகவும் கூடாது, வராமலும் இருக்கக்கூடாது. அந்த வயதில் என் ஆசை அப்படித்தான் இருந்தது.

இப்போது பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். கழியும் கடலும் வளர்க்கும் உயிர்களைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று, போன மாசியில் எட்டாம் வகுப்பை அதே பாத்திக்கு அழைத்துப்போய், ஆளுக்கொரு சல்லடையும் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அள்ளிவிட்டு ரேவதி என்கிற பெண் நிமிர்ந்தாள். "டீச்சர், உள்ள வந்தப்புறம் புடிச்சி வெளிய வுடறதுக்கு, வரவே வுடாம பண்ணா என்னா?"

அடிப் பாவி! இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லையே. எப்படித் தோன்றும்? அவை வரவேண்டாம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லையே.

பிள்ளைகள் பழைய கொசுவலையை மடித்துத் தைத்து வாய்க்கால் வாயில் கட்டினார்கள். "தண்ணி நின்னுச்சுன்னா அவுத்துடுவேன்" என்றார் உப்பளக்காரர். நிற்கவில்லை, வலையில் படியும் பாசியைப் பிள்ளைகளே முறை வைத்து உரித்துவிடுகிறார்கள்.

நேற்று தனியாகப் போனேன். கொட்டகை இல்லை, திட்டுவதற்கு அம்மாவும் இல்லை. பாத்தியில் இறங்கி வெகுநேரம் நின்றேன். காலை எதுவும் தொடவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் குஞ்சுகள் கூட்டமாக, ஒன்றுகூடச் சாகாமல், திரிந்துகொண்டிருந்தன. சந்தோஷம்தான், ஆனாலும் அழுதுவிட்டேன்.

பிறகு வரப்பேறி நின்று, "போங்கடி" என்றேன்.