தொந்தரவு கொடுக்காமல் வேலை இழந்தவர்

இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் நெவில் கிரிம்ஷாவைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அவரும் யாரைப் பற்றியும் சொன்னதில்லை. இந்த ஒப்பந்தத்தை இரு தரப்பும் ஐம்பத்தாறு வருஷமாக மீறாமல் காப்பாற்றி வந்தார்கள்.

அவர் பார்த்த உத்தியோகம் லேசுப்பட்டதல்ல. வயதானவர்களைக் கடற்கரை ஊர்களுக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் பஸ் கம்பெனி ஒன்றில், யார் எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்கிற பொறுப்பு அவருடையது. முன் இருக்கைக்காக டாக்டர் சான்றிதழ் அனுப்பிய சீமாட்டிகள் உண்டு. போன வருஷம் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேரை இந்த வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தால், ஸ்கார்பரோ போய்ச் சேர்வதற்குள் கம்பெனியின் மானம் போய்விடும். நெவில் இதையெல்லாம் ஒருவர் மனமும் கோணாமல் நடத்தினார். நாடுகளுக்கு எல்லை வகுத்தவர்கள் இதில் பாதி கவனம் எடுத்துக்கொண்டிருந்தால் உலகத்தில் எத்தனையோ ரத்தம் மிச்சமாகியிருக்கும்.

அப்புறம் கொரோனா வந்தது. பஸ்கள் கொட்டகைக்குள் போய் நின்றன. அரசாங்கம் முதலாளிகளைப் பார்த்துச் சொன்னது: யாரையும் வேலையை விட்டு அனுப்பாதீர்கள், வீட்டில் உட்கார வையுங்கள், சம்பளத்தில் எண்பது சதவீதத்தை நாங்கள் தருகிறோம். இதற்கு ஃபர்லோ என்று பெயர். தெருவில் பாதிப்பேர் ஃபர்லோவில் இருந்தார்கள். சமையலறை அலமாரி விற்கும் கடையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு ராய், ஃபர்லோவில் நன்றாகப் பழுத்தே போயிருந்தார். வசந்த காலம் முழுக்கத் தோட்டத்து வெயிலில் சட்டையில்லாமல் மல்லாந்து கிடந்ததன் பலன்.

நெவிலின் முதலாளிக்கு ஃபர்லோவில் நம்பிக்கை இல்லை. அதில் போட்ட ஆள் என்றைக்காவது திரும்பி வந்துவிடுவான் என்கிற அபாயம் இருந்தது. ஆட்குறைப்பு என்றால் அந்தத் தொல்லை இல்லை. எனவே மின்னஞ்சல் ஒன்று வந்தது. ‘கனத்த இதயத்துடன்’ என்று ஆரம்பித்து, வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து பிலிப்பா பேசுவார் என்று முடிந்தது. யாருடைய இதயம் என்று குறிப்பிடவில்லை.

நெவில் அதை இரண்டு தரம் படித்தார். எழுத்துப்பிழை ஏதும் இல்லை. வெளியே போய், முந்தின நாள் வெட்டிய புல்லையே மறுபடியும் வெட்டினார். வெட்டிக்கொண்டே, துக்கமோ கோபமோ இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தார். இரண்டையும் காணவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட தாடை போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. கன்னம் இருக்கிறது, தொட்டால் தெரியவில்லை.

“யோவ் நெவில், அந்தப் புல்லு உனக்கு என்னய்யா பாவம் பண்ணுச்சு?” என்றார் ராய் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

“வேலை போகுது போலருக்கு, ராய்.”

“போகுதுன்னா? ஃபர்லோதானே?”

“இல்ல. மொத்தமாவே.”

ராய் எழுந்து உட்கார்ந்தார். அவர் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து தெருவில் யாரும் பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது.

“காசு குடுக்கறது கவர்மெண்டு. பேரை எழுதி அனுப்பக்கூட உங்காளுக்குக் கை வலிக்குதாமா? நீ கேட்டியா?”

“கேக்கறதா?”

“ஆமாய்யா. வாயால. எங்க கடையிலயும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி உக்கார வெச்சு, வேற வழி ஏதாவது தோணுதான்னு நம்மளக் கேக்கணும். சட்டம் அது. அப்பப் பட்டுனு சொல்லிடணும், ஃபர்லோவுல போடுங்கன்னு. நாங்க சொன்னோம், போட்டாங்க. பாரு, எப்படி இருக்கேன்!” என்று தன் வயிற்றைச் சாட்சிக்கு இழுத்துத் தட்டிக் காட்டினார்.

நெவில் இதை மனைவி ஜானிஸிடம் சொன்னார். ஜானிஸ் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறவர். அந்தச் சம்பளத்தை மட்டும் நம்பினால் வீட்டுக் கடன் கட்ட முடியாது, வீட்டை விற்றுவிட்டு எங்கேயாவது வாடகைக்குப் போக வேண்டியதுதான். இது இருவருக்கும் தெரியும். தெரிந்ததால் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நேராக ஒத்திகையில் இறங்கினார்கள்.

“நான்தான் பிலிப்பா. ஆபீஸ் மேடம். ம், கேளு” என்றார் ஜானிஸ்.

“பிலிப்பா, உங்களுக்கு ரொம்பச் சிரமமா இல்லைன்னா, ஒருவேளை முடியும்னா, முடியாட்டியும் ஒண்ணுமில்ல…”

“நெவில்! உப்பு டப்பாவை நகத்தச் சொல்றியா, சோத்துக்கு வழி கேக்கறியா?”

“மரியாதையாக் கேக்க வேணாமா கண்ணு?”

“மரியாதையெல்லாம் அவங்க மெயில்லயே அனுப்பிட்டாங்க. நீ விஷயத்தைச் சொல்லு. ‘என்னை ஃபர்லோவுல போடுங்க.’ அவ்ளோதான். ‘தயவுசெஞ்சு’ போட்டுக்க, தொலையுது.”

சாயங்காலத்துக்குள் அந்த ஒரு வாக்கியம் நெவிலின் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வந்தது. தேநீர் போடும்போது தண்ணீர்க் கெண்டியிடம் சொன்னார். சூப்பர் மார்க்கெட் வாசலில் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நின்ற வரிசையிலும் முணுமுணுத்தார். முன்னால் நின்ற அம்மாள் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

வியாழக்கிழமை காலை சந்திப்பு, கணினித் திரையில். மேலே சட்டை டை, கீழே வீட்டுக் கால்சராய் என்று நெவில் உட்கார்ந்தார். திரையில் பிலிப்பா தெரிந்தாள். முப்பது வயதிருக்கும். பின்னால் கொடியில் குழந்தைகளின் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

“எப்படி இருக்கீங்க நெவில்?”

“குறையொண்ணும் இல்ல. நீங்க?”

“காலைலேர்ந்து இதே பேச்சுதான். எல்லாரையும் முடிச்சப்புறம் கடைசியா என் வேலைக்கும் இதே பேச்சு இருக்கு” என்று சிரிக்க முயன்றாள். “யார் எனக்குப் படிச்சுக் காட்டுவாங்கன்னு தெரியல.”

“அடடா. கஷ்டமான வேலைதான் உங்களுக்கு” என்றார் நெவில். கழுத்தை வெட்டுகிறவரின் தோள்வலியை விசாரித்துக்கொண்டு கொஞ்ச நேரம் போயிற்று.

பிறகு பிலிப்பா பார்த்துப் படித்தாள்: “இந்த ஆட்குறைப்பைத் தவிர்க்கறதுக்கு வேற ஏதாவது வழியை நாங்க பரிசீலிக்கணும்னு நீங்க விரும்பறீங்களா?” படித்துவிட்டு நிமிர்ந்து, நெவிலையே பார்த்தாள்.

கதவுக்குப் பின்னால் தட்டுத் துடைக்கும் துணியுடன் நின்றிருந்த ஜானிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் தட்டில் மிஞ்சிய கடைசிக் கேக் துண்டை யாராவது நீட்டினால், முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர் ‘அட, எடுத்துக்கோங்க’ என்று இரண்டாம் முறை நீட்டுவார். அப்போது, அவர் மனம் நோகக்கூடாதே என்பதற்காக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் முறையே கை நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மறுபடி யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

நெவில் கிரிம்ஷா நல்லபடியாக வளர்க்கப்பட்டவர்.

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் வேணாம்” என்றார். “உங்களுக்கே ஆயிரம் வேலை.”

சொல்லிவிட்டு, புன்னகையுடன் இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தார். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

பிலிப்பா அப்படியே இருந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். ஏதோ சொல்லப் போகிறாள் போலிருந்தது. கொடியிலிருந்து ஒரு காலுறை கீழே விழுந்தது. இருவரும் அதைக் கவனிக்காதது மாதிரி இருந்தார்கள். அப்புறம் அவள் குனிந்து விசைப்பலகையில் எதையோ தட்டினாள்.

“சரி நெவில். அப்ப அடுத்ததுக்குப் போயிடலாமா?”

“தாராளமா” என்றார் நெவில்.

திரை அணைந்ததும் ஜானிஸ் உள்ளே வந்தார். கையிலிருந்த துணியை முறுக்கியிருந்தார்.

“என்ன பண்ணித் தொலைச்ச?”

“இன்னொரு தடவை கேப்பாங்கன்னு நெனச்சேன்.”

“இன்னொரு தடவை கேக்கறதுக்கு அது என்ன கேக்கா?”

நெவில் யோசித்துப் பார்த்தார். இல்லைதான்.

“கூப்பிடு. இப்பவே கூப்பிட்டுச் சொல்லு.”

“இப்ப அவங்களுக்குச் சாப்பாட்டு நேரமா இருக்கும்.”

ஜானிஸ் கீழே போய்ப் பாத்திரங்களை வைத்தார். அவை வைக்கப்பட்ட சத்தம் ராய் வீடு வரை கேட்டிருக்கும். சாப்பாட்டு நேரம் முடிந்தது. பிறகு தேநீர் நேரம் வந்தது. வேலை முடிந்து போகிறவளைப் பிடித்து நிறுத்துவது அநாகரிகம் என்பதால் அன்றைக்குக் கூப்பிட முடியவில்லை. வெள்ளிக்கிழமையும் நெவில் சும்மா இருக்கவில்லை. தொலைபேசியைத் துடைத்தார். வார இறுதியில் கூப்பிடுவதை எந்த நாகரிகமும் ஒப்புக்கொள்ளாது.

திங்கட்கிழமை மத்தியானம் நெவில் மாடிப்படியில் உட்கார்ந்து எண்களை அழுத்தினார். பிலிப்பா எடுத்தாள்.

“தொந்தரவுக்கு மன்னிக்கணும். என்னை ஃபர்லோவுல போடுங்க, தயவுசெஞ்சு.”

ஒரு தப்பும் இல்லாமல், ஒத்திகையில் வந்த மாதிரியே வந்துவிட்டது.

“ஐயோ நெவில்” என்றாள் பிலிப்பா. “அன்னிக்கு இதைத்தான் சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நானா எடுத்துக் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. நீங்க வாயைத் திறந்து கேட்டிருந்தா போட்டிருப்பாங்க, கேட்ட ரெண்டு பேரைப் போட்டிருக்காங்க. வேணாம்னு நீங்களே சொன்னப்புறம்… மறுபடி மறுபடி கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்.”

“இப்ப?”

“காலைலதான் முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மன்னிச்சுக்கோங்க.”

“நீங்கதான் மன்னிக்கணும்.”

“இல்லல்ல, என் தப்பு.”

“சேச்சே, என் தப்புதான்.”

இப்படி மாறி மாறிக் கொஞ்ச நேரம் விட்டுக்கொடுத்தார்கள். கடைசியில் தப்பு யாரிடமும் தங்கவில்லை. நெவில் அவளுடைய வேலைக்கும் நல்ல வழி பிறக்க வேண்டுமென்று வாழ்த்திவிட்டு வைத்தார்.

ஜானிஸ் படியடியில் நின்றிருந்தார். “என்ன சொன்னா?”

“அன்னிக்கே கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களாம்.”

ஜானிஸ் கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். ஜானிஸ் ஏறி வந்து, ஒரு ஆளுக்கே அளவெடுத்த அந்தப் படியில் இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வீட்டை விக்கறதுன்னா யார்கிட்ட சொல்லணும்?”

“விசாரிக்கிறேன்.”

“நீயா? வேணாம். நானே விசாரிக்கிறேன்.”

நெவில் தலையாட்டினார். அது நியாயமாகத்தான் பட்டது.

“உனக்குக் கோவமே வரலியா நெவில்?”

நெவில் நேர்மையாகத் தனக்குள் போய்த் தேடினார். சுவர்க் காகிதத்தில் இருந்த பூக்களைப் பார்த்தபடி நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

“வரும்னுதான் நெனக்கிறேன். இன்னும் வரல.”

“எனக்கு வந்துடுச்சு” என்றார் ஜானிஸ். “உன் மேலயா, அவங்க மேலயான்னுதான் தெரியல.” கையை எடுத்து அவர் முழங்காலின் மேல் வைத்தார். நெவில் அதைப் பார்த்தார். கை இருப்பது தெரிந்தது. கனம் மட்டும் இன்னும் தெரியவில்லை.