அத்தான் மேல் ஒரு மனு

என் அத்தானைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள். அவரோடு ஒரே கூரையின் கீழ் குப்பை கொட்டுவது நானும் என் அக்காவும்தான். எங்களை யாரும் கேட்பதில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் வாத்தியார். காலையில் வயலில் விவசாயி, மணியடித்ததும் வாத்தியார், சாயங்காலம் பொதுச்சொத்து. எங்கள் கடப்பாரை, மண்வெட்டி, ஏணி எல்லாம் எந்நேரமும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். உடைந்தால் மட்டும் வீட்டு ஞாபகம் வந்து திரும்பும். பள்ளிக்கூடத்தில் ஓர் ஓடு விலகினால் போதும், அன்றைக்கே ஏறி மாற்றிவிடுவார். எங்கள் சமையலறைக் கூரை வருஷக்கணக்காக ஒழுகுகிறது. கேட்டால், "பாத்துக்கலாம்" என்பார். அக்கா ஒழுகுகிற இடத்தில் பாத்திரத்தை வைத்து, அந்தத் தண்ணீரிலேயே அதைக் கழுவியும் வைத்துவிடுவாள்.

அவருடைய சேவைகளில் தலையாயது மனு எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை காலையில், பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பெஞ்சை மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் போட்டு உட்காருவார். விளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திவிட்டான் என்று ஊரே வரிசையில் நிற்கும். யார் எதிரில் நிற்கிறார்களோ அவர்கள் பக்கம் நின்று உருகி உருகி எழுதுவார். அண்ணனுக்குத் தம்பி மேல் எழுதிக்கொடுத்த கையோடு, பின்னால் நிற்கும் தம்பிக்கு அண்ணன் மேல் எழுதுவார். இரண்டையும் படிக்கிற அதிகாரிக்குக் கண்ணைக் கட்டும்.

எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு வயல். அப்பா அக்காவுக்கு எழுதி வைத்தது. பிள்ளைகள் கால்வாயைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்களே என்று அத்தான் அதன் நடுவில் ஒற்றையடிப் பாதை விட்டார். பிள்ளைகள் நடந்தார்கள். பிறகு அப்பாக்கள் சைக்கிளில் வந்தார்கள். அதற்குப் பிறகு மாமன்கள் டிராக்டரில் வந்தார்கள். அக்காவின் தக்காளிச் செடிகள் ஒதுங்கி ஒதுங்கி ஓரத்துக்குப் போய்விட்டன. மழை பெய்தால், "சார், உங்க பாதை ஒரே சேறு" என்று எங்கள் வாசலுக்கே வந்து குறை சொல்வார்கள். அத்தான் வெட்கப்பட்டுக்கொண்டு போய்ச் சரளை கொட்டுவார். கூடை சுமப்பது நான்.

போன வருஷம் மாவு மில்காரருக்கு லாரி மேல் ஆசை வந்தது. லாரி வருகிற அளவுக்குப் பாதையை அகலப்படுத்த வேண்டும், குறுக்கே இருக்கிற கிணற்றை மூடிவிட்டால் முடிந்தது என்று வந்து நின்றார். "தாராளமா" என்றார் அத்தான். "முடியாது" என்றாள் அக்கா. ஒரே தடவைதான் சொன்னாள். கிணறு போனால் அந்த வயலில் மாடு மேய்க்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. வாத்தியாரின் சம்பளமோ, வீட்டுக்கு வருகிற வழியிலேயே பாதி ஊருக்கு உதவிவிட்டுத்தான் வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மில்காரர் வரிசையில் நின்றார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

"எழுதுங்க சார். நிலத்துக்காரம்மா ரொம்பப் பிடிவாதம் பிடிக்கிறாங்க."

"பிடிவாதம்னு வேணாம், நல்லா இருக்காது" என்றார் அத்தான். "பொதுநலனை உணர மறுக்கிறார்னு போடுவோம்."

"அதான் சார் படிப்புங்கிறது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மில்காரர் போனதும், "அத்தான், அந்த நிலத்துக்காரம்மா யாருன்னு தெரியுதா உங்களுக்கு?" என்றேன்.

"தெரியாம என்னடா? அவர் தரப்பை அவர் சொல்றார். எழுதித் தரமாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

அக்காவிடம் போய்ச் சொன்னேன். வீடு ரெண்டுபடும் என்று நினைத்தேன். அவள் கேட்டுக்கொண்டு காய் நறுக்கினாள். ஆனால் அந்த வாரம் முழுக்க அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தான் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவருக்குப் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வெளியே வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். அவள் முறை வந்தது.

அத்தான் நிமிர்ந்து பார்த்தார். "நீ சாப்பிடு, நான் அப்புறம் வரேன்."

"சாப்பிடக் கூப்பிட வரல சார். ஒரு மனு எழுதணும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அத்தானும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "யார் மேல?"

"ஊருக்கு ஒழைக்கிற ஒரு வாத்தியார் மேல. என் கிணத்தை மூடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கார்."

அத்தானோ எதிரில் நிற்பவர்களுக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். புதுத் தாளை எடுத்தார். "சொல்லுங்க" என்றார். கட்டிய மனைவியிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அந்தக் கிணத்தை வெட்டினது அந்த வாத்தியாரும் நானும். கல்யாணமான புதுசு. அவர் கீழ நின்னு வெட்டினார். நான் மேல நின்னு மண்ணை இழுத்தேன். தண்ணி ஊறினதும் முதல் கை தண்ணிய எனக்குத்தான் குடுத்தார். சேறும் மண்ணுமா இருந்துச்சு. குடிச்சேன்."

பேனா நின்றது. "இதெல்லாம் மனுவுக்கு வேணுமா?"

"எழுதுங்க சார். அவருக்கு மறந்துபோயிருக்கும்."

எழுதினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார். நான் மாட்டை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினேன்.

அதிகாரி இரண்டு மனுவோடும் வந்து வயலைப் பார்த்தார். இரண்டும் ஒரே கையெழுத்தாக இருப்பதைக் கண்டு அத்தானை மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல உள்ளதுல நல்ல தமிழ் இருக்கு. ரெண்டாவதுலதான் கிணறு இருக்கு" என்றார். லாரி கால்வாய்க் கரையிலேயே சுற்றிக்கொண்டு போகட்டும் என்று எழுதிவிட்டுப் போனார். வாத்தியார் மாறிவிட்டார், குடும்பப் பாசம் கண்ணை மறைத்துவிட்டது என்று ஊர் முணுமுணுத்தது. முணுமுணுத்தவர்கள் எல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரிசைக்கு வந்தார்கள்.

அக்காவும் வந்து நின்றாள்.

"இப்ப என்னம்மா?" என்றார் அத்தான், தாளை எடுத்துக்கொண்டே.

"சமையலறைக் கூரை ஒழுகுது சார்."

அவர் தாளைக் கீழே வைத்தார். பேனாவை மூடினார். மற்றவர்களை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு எழுந்தார். எங்கள் ஏணி இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்.